களைத்துப்போன தண்ணீர்

கலந்தர் மாமாவின் பின்கட்டில் முப்பத்தொரு பாட்டில்கள் இருந்தன. எல்லாம் குளிர்பானம் குடித்துவிட்டுப் போடுகிற பாட்டில்கள். எல்லாவற்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, அதில் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. 'வைத்தி போர், 160 அடி, ஆடி 12.' 'பள்ளிக்கூடத்து அடிபம்பு.' 'சாமிதுரை போர், 210 அடி.' போர் என்றால் வயலில் போட்ட ஆழ்துளைக் கிணறு. சாமிதுரை என்பது என் அப்பா.

முதலில் பார்த்தது அகிலாண்டம் அத்தை. முருங்கைக்கீரை பறிக்கக் கொல்லைப்பக்கமாகப் போனவர், கீரையை மறந்துவிட்டு ஓடி வந்தார். அன்று மாலைக்குள் எங்கள் ஊர் கீழப்பனங்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.

வேறு வருடமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அது 2017. நீடாமங்கலத்தைச் சுற்றிலும் எந்த ஊரில் ஜீப் நின்றாலும் கூட்டம் கூடிவிடும். பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்கிற கம்பெனி வரப்போகிறது, வந்தால் வயல் உப்பாகும், நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இரண்டு ஊர் தள்ளி வயலில் கம்பெனி ஆட்கள் அளவுக் கல் நட்டார்கள். நட்ட கல்லை அந்த ஊர்க்காரர்கள் அன்றே பிடுங்கி ஆற்றில் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு குழு அமைத்து, மண்ணோ தண்ணீரோ யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். குழுவுக்குத் தலைவர் என் அப்பா. நடவுப் பெண்களின் சார்பில் அகிலாண்டம் அத்தை. கம்பெனி ஆட்கள் எப்படி வேவு பார்ப்பார்கள் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது எல்லோரும் முதலில் சொன்னதே இதுதான்: "பாட்டில்ல தண்ணி புடிச்சு, எந்த எடம், எத்தனை அடின்னு எழுதி எடுத்துட்டுப் போவான்."

கலந்தர் மாமா அதை எட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். ஷார்ஜாவில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தாக வளைப்பார். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு நியான் அடைப்பார். அதற்குப் பதினைந்தாயிரம் வோல்ட் கொடுத்தால் எழுத்து சிவப்பாக எரியும். அந்தக் கடையின் பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றை 2009-இல் ஊருக்கு வரும்போது கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் மனைவி மெஹராஜ் மாமி, உள்ளே தங்கமிருக்கும் என்று நினைத்துக் கம்பளியைப் பிரித்ததை இன்றைக்கும் சொல்வார்.

"தங்கம்தான். தண்ணிலேருந்து வரப்போற தங்கம்" என்றாராம் இவர்.

தண்ணீரில் மின்சாரம் விட்டால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் கலந்து பேட்டரி வைத்தால் போதும். மாமா சொன்னது வேறு. அமிலம் வேண்டாம். பதினைந்தாயிரம் வோல்ட் கொடுத்தால் தண்ணீர் தானே கிழியும், புத்தகத்தில் சொல்வதைவிடப் பல மடங்கு வாயு வரும். அந்த வாயுவில் போர் இன்ஜினை ஓட்டலாம், டீசலே வேண்டாம். இதுதான் அவருடைய நம்பிக்கை. நான் பன்னிரண்டாவது வரை வேதியியல் படித்தவள். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"மாமா, எவ்வளவு கரண்டு ஓடுதோ அவ்வளவு வாயுதான் வரும்னு புத்தகத்துல இருக்கு. வோல்டேஜ ஏத்தினா வாயு ஏறாது."

"ஆயிரம் எறும்பு தள்றதும் ஒரு யானை முட்டறதும் ஒண்ணா, சொல்லு."

"புத்தகத்துல எறும்பும் இல்ல, யானையும் இல்லயே."

"அதான் அது புத்தகம்" என்று சிரித்தார்.

ஆனால் அவரிடம் கணக்கு இருந்தது. அவருடைய டிரான்ஸ்பார்மரில் ஓடுகிற மின்சாரம் மிகக் குறைவு. புத்தகப்படி பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று மில்லி ஹைட்ரஜன்தான் வர வேண்டும். அவருக்கு இருநூறு மில்லி வரை வந்தது. நானே கண்ணால் பார்த்தேன். ஒரு இருபது லிட்டர் கேனுக்குள் கவிழ்த்த புனல், அதன் மேல் அவரே வளைத்துச் செய்த கண்ணாடிக் குழாய், எவர்சில்வர் கரண்டிக் காம்புகள் இரண்டு. அரசு கொடுத்த இலவச மின்விசிறி டிரான்ஸ்பார்மருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அந்த வோல்ட்டில் வேலை செய்கிறவர்கள் இரண்டு கையாலும் தொடமாட்டார்களாம். குழாயில் குமிழிகள் ஏறும். தீக்குச்சி காட்டினால் நீலமாக எரியும், நுனியில் கொஞ்சம் மஞ்சள்.

ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. எங்கள் போர் தண்ணீரில் மட்டும்தான் அப்படி வந்தது. அதுவும் அன்று காலை பிடித்த தண்ணீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் ஆன தண்ணீரில் வராது. இதற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் களைத்துப்போகிறது. பூமிக்குள்ளிருந்து வரும்போது அதற்கு ஒரு விறைப்பு இருக்கிறது, வெளியே கிடக்கக் கிடக்க அது தளர்ந்துவிடுகிறது. எந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் களைக்கிறது என்று பார்க்கத்தான் ஊரில் உள்ள எல்லாப் போரிலும் பாட்டிலில் பிடித்து வைத்தார். எங்கள் போருக்குத் தினமும் காலையில் கேனோடு வருவார்.

இதையெல்லாம் ஊராட்சி அலுவலக வாசலில் நடந்த கூட்டத்தில் அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. அவர் பாதிதான் சொன்னார்.

"ஆராய்ச்சி பண்றேன்" என்றார்.

"யாருக்கு?" என்று அகிலாண்டம் அத்தை கேட்டார்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கு எதுக்கு பாய் வைத்தி போரு எத்தனை அடின்னு? நீங்க என்ன அதுக்குப் பொண்ணா குடுக்கப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவர் சிரித்தது தப்பாகிவிட்டது.

"சிரிக்கிறாரு பாரு. எங்கம்மா காலத்துல அரைப்படி நெல்லு கூலி ஏத்திக் கேட்டதுக்கு அடி வாங்கினோம். நெலம் வெச்சிருக்கறவன் நாளைக்குக் கம்பெனிக்கு வித்துட்டு டவுன்ல வீடு கட்டிப் போயிடுவான். நட வர்றவ எங்க போவா? அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்க."

அவர் தினமும் கணக்கு எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது எல்லோருக்கும் தெரியும். அப்பா கேட்டார். "காட்டிடுங்க பாய். பிரச்சினை முடிஞ்சுரும்."

"முடியாத கணக்கைக் காட்டமாட்டேன், தம்பி. ஷார்ஜாவுல ஒருத்தன்கிட்ட பாதி வேலைல காட்டினேன், அவன் தன் பேருல முடிச்சுக்கிட்டான். முடியட்டும், நானே தட்டுல வெச்சுக் கொண்டாறேன்."

அவ்வளவுதான். அவர் கோயில் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். அந்த வருடம் மேட்டூர் அணையை அதுவரை திறக்கவில்லை, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. எங்கள் போரிலிருந்துதான் அவருடைய சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர். கலந்தருக்கு யாரும் பாய்ச்சக் கூடாது, நோட்டைக் காட்டும் வரை, என்று முடிவானது. அகிலாண்டம் அத்தை சொல்லிச் சொல்லி, கலெக்டருக்கும் ஒரு மனு போனது. 'எங்கள் ஊரில் ஒருவர் கம்பெனிக்காக நீர் மாதிரி எடுக்கிறார், விசாரிக்கவும்.' அப்பா முதல் கையெழுத்துப் போட்டார். நான்தான் மனுவைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. தினமும் நம் மோட்டார் கொட்டகைக்கு வந்து நம் தண்ணீரை மட்டும் தூக்கிப் போகிறாரே, ஏன் என்று நானும் யோசித்தேன். கேன் தூக்கக் கூடாது என்று யாரும் சொல்லாததால் அவர் அதற்குப் பிறகும் வந்தார். பாய்ச்சக் கூடாது என்றுதானே தீர்மானம்! நாற்று வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் வெளுத்த நாற்றுக்குப் பக்கத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொட்டும் ஊற்றாமல், மறுபடியும் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். காய்கிற நாற்றைவிடப் பெரிய எதற்கோ அந்தத் தண்ணீர் போகிறது என்று எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் குழுப் பையன்கள் நாலு பேர் போய் அவர் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி வந்துவிட்டார்கள். "கரண்டு இல்லாம எப்படி ஆராய்ச்சி பண்றாருன்னு பாப்போம்." கட்டையை எங்கள் வீட்டில் டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். மெஹராஜ் மாமி தெருவில் நின்று கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. மாமா வாசலுக்கே வரவில்லை.

நாலு மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டையைக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். கையில் கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். வாய் தக்கையால் அடைத்திருந்தது.

"அப்பா இல்ல மாமா."

"அப்பாவ அப்புறம் பாக்கறேன். எத்தனை மணிக்குப் புடுங்குனாங்க?"

"பத்து."

"சரியா பத்தா?"

"செய்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. பத்துதான்."

அவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். "ஒம்பதரைக்குக் கேனை ரொப்பினேன். சுவிட்சு போடல. மாமி சோறு வெச்சுது, சாப்பிட்டுப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கட்டை போயிடுச்சு." கையிலிருந்த குழாயைத் தூக்கிக் காட்டினார். "ஒரு தீக்குச்சி குடு."

கொடுத்தேன். குழாயை நிமிர்த்தித் தக்கையை எடுத்து நெருப்பைக் காட்டினார். நீலமாக எரிந்தது, நுனியில் மஞ்சளோடு.

"இது நான் பண்ணது இல்லம்மா" என்றார். "இது தண்ணியோடயே வருது. எட்டு வருசமா வந்துக்கிட்டு இருந்திருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு தானாக வெளியேறுவதுபோல, ஆழத்திலிருந்து வரும் எங்கள் போர் தண்ணீரில் வாயு கரைந்திருக்கிறது. வெளியே வந்ததும் குமிழியாகக் கிளம்பிவிடுகிறது. இரண்டு நாள் வைத்தால் எல்லாம் போய்விடும். தண்ணீர் களைக்கவில்லை. அதில் இருந்தது தீர்ந்துபோயிற்று. அது ஹைட்ரஜனும் இல்லை. கம்பெனி தேடுகிற அதே எரிவாயு.

அப்பா வந்ததும் மாமா சொன்னார். அப்பா நம்பவில்லை. "குழாயில என்ன போட்டுக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். மாமா எங்கள் வீட்டுப் புனலையும் ஒரு காலிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடந்தார். மோட்டார் கொட்டகையில் தொட்டி நிறைய நீர் விட்டு, அதற்குள் புனலைக் கவிழ்த்து, பாட்டிலில் நீர் நிரப்பி, புனலின் மேல் கவிழ்த்துப் பிடித்தார். அரை மணி நேரம் மூவரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கவிழ்ந்த பாட்டிலின் மேல்பக்கம் நீர் இறங்கி வாயு சேர்ந்தது. தீக்குச்சியை அப்பாவிடமே கொடுத்தார். அப்பாவே கொளுத்தினார்.

எரிந்து அணைந்த பிறகு அப்பா முதலில் செய்தது, வெளியே வந்து வரப்பில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"மாமிகிட்ட?"

"இல்ல தம்பி."

"சொல்லாதீங்க பாய். தெரிஞ்சா மொதல்ல என் வயலுக்குத்தான் கல்லு வரும். ஊருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. தலைவன் நெலத்துலயே கேஸ் இருக்கு, அவன் விக்கத்தான் பாக்கறான்னு அகிலாண்டம் சொல்லும். நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

மனு போட்டது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருவதாகத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருந்தது. கூட, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற ஒரு மண்ணியல் அதிகாரியும் வருகிறார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"ஒண்ணு பண்ணுங்க. நோட்டுல என் போரு பேரு இருக்குல்ல? கேட்டா, அவ்வளவும் உங்க மெஷினுதான் பண்ணுச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க இத்தனை நாள் சொன்னதுதானே? நாளைக்கே தண்ணி தொறந்து விடுறேன்."

மாமா அவரைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எட்டு வருசமா அதைச் சொல்லத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், சாமிதுரை. நேத்து சொல்லியிருந்தா உண்மைன்னு நெனச்சே சொல்லியிருப்பேன். இன்னிக்குச் சொன்னா பொய்."

"அப்ப ஊரைக் காட்டிக் குடுப்பீங்களா?"

"அப்படியும் சொல்லலயே."

"பின்ன என்னதான் சொல்லப் போறீங்க?"

"தெரியல" என்றார். கிளம்பிப் போனார். பீஸ் கட்டையை நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். தண்ணீரை அப்பா திறக்கவில்லை. வெள்ளி முடியட்டும் என்றார். அந்த மூன்று நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாமா பேருந்து நிறுத்தத்தில் நின்றால் கூட, எந்தப் பேருந்துக்கு நிற்கிறார் என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் வந்தார்கள். வருவாய் ஆய்வாளர், முழுக்கைச் சட்டை போட்ட மண்ணியல் அதிகாரி, பின்னால் ஊரே. பின்கட்டு கொள்ளாமல் மதில் மேல் ஏறி நின்றார்கள். மாமா கேனைக் கழுவிவிட்டு, கூரையிலிருந்து டிரம்மில் பிடித்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினார். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். டிரான்ஸ்பார்மர் வண்டு மாதிரி இரைந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களை மிதித்துக்கொண்டு விலகினார்கள்.

ஒரு மணி நேரம் ஆனது. குழாயின் உச்சியில் ஒரு விரல்கணு அளவுக்கு வாயு. கொளுத்தினார். 'டுப்' என்றது. தீயே கண்ணுக்குத் தெரியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் ஆய்வாளர்.

"இவ்வளவுதான் சார்."

"இதுக்கா எட்டு வருஷம்?"

மதில் மேலிருந்து யாரோ, "மெஹராஜ் மாமி இட்லி அவிக்கறதுக்குள்ள இதைவிட ஆவி வரும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மண்ணியல் அதிகாரியும் சிரிக்கவில்லை. அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர் தண்ணில பண்ணிப் பாத்தீங்களா பெரியவரே?"

"முப்பத்தொரு எடத்துத் தண்ணில பண்ணிப் பாத்துட்டேன். என் மெஷினு எந்தத் தண்ணிலயும் இதுக்கு மேல குடுத்ததில்ல."

"நோட்டு வெச்சிருக்கீங்களாமே?"

மாமா உள்ளே போனார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. ஊருக்குக் காட்டாத நோட்டை அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி புரட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எட்டு வருடக் கணக்கு. தேதி, தண்ணீர், நேரம், மில்லி. 'சாமிதுரை போர் 204.' 'சாமிதுரை போர் 190.' எல்லாப் பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டின் மேல் 'தவறு' என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் விடாமல். கடைசிப் பக்கங்களில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"எதுக்கு எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்க?"

"மெஷின் குடுத்துச்சுன்னு எழுதினேன். மெஷின் குடுக்கல. தப்புதானே சார்?"

அதிகாரி நோட்டை மூடி ஆய்வாளரிடம் கொடுத்தார். "அளக்கத் தெரியாம அளந்திருக்காரு. அவரே தப்புன்னு எழுதிட்டாரு." ஆய்வாளர், வீட்டில் இவ்வளவு வோல்ட் வைக்கக் கூடாது, ஆள் செத்துப்போவார் என்று எச்சரித்துவிட்டு, ஊராரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஜீப் ஏறும்போது அப்பாவிடம், "கம்பெனி ஆளெல்லாம் இல்லப்பா. கொஞ்சம் இது" என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினார்.

அன்று மாலையே அப்பா தண்ணீர் திறந்தார். நாற்றில் பாதிக்கு மேல் பிழைத்தது. கலந்தர் மாமாவை அதற்குப் பிறகு யாரும் கம்பெனி ஆள் என்று சொல்லவில்லை. கிறுக்குப் பாய் என்றார்கள்.

அந்தச் சிவப்பு மையைப் பற்றி நான் பலநாள் யோசித்தேன். எங்களைக் காப்பாற்ற அடித்தாரா, உண்மையிலேயே தன் கணக்கு தப்பு என்பதற்காக அடித்தாரா? கேட்டதற்கு, "ரெண்டுக்கும் ஒரே பேனாதானே" என்றார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். வேறு நோட்டு எங்காவது இருக்குமோ என்று அப்பா இன்னும் கேட்கிறார்.

ஐப்பசியில் அவருடைய வயலில் நடவு. நான் நாற்று முடிச்சு எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். அகிலாண்டம் அத்தையின் ஆட்கள் பதினாலு பேர் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா வரப்பில் நின்றார்.

"பாய்" என்றார் அத்தை, குனிந்தபடியே. "சாமிதுரை அண்ணன் கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கே, எதுக்கு?"

"மோட்டாரு இருக்குல்ல, அதுக்கா இருக்கும்."

"மோட்டாரு இருவது வருசமா இருக்கு. நேத்து வைத்தி அங்க ஒதுங்கி பீடி பத்த வெச்சிருக்கான். அண்ணன் ஓடியாந்து அடிக்காத கொறைதானாம். ஒரு பீடிக்கு அவ்வளவு கோவம் ஏன்? நீங்க தெனம் அங்க போயிக்கிட்டு இருந்த ஆளு. என்ன இருக்கு உள்ள?"

வரிசை முழுக்க நடுவதை நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் கிறுக்குப் பாய் என்ற பெயர் அந்த நிமிடமே போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"என்னைப் போய்க் கேக்கறியே அகிலாண்டம்" என்றார். "நான்தான் கிறுக்கனாச்சே."

பெண்கள் சிரித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விட்டார். அத்தை சிரிக்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார்.

"நீயாவது சொல்லும்மா."

நான் நாற்று முடிச்சைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நாலு குத்து நட்டார். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, எங்கள் கொட்டகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.